புக்கியும் தண்டலும்: பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது?

பெரியப்பா காலமான பிறகு, அவருடைய சைக்கிள் கடை மேஜை டிராயரில் இரண்டு பொருட்கள் கிடைத்தன. ஒன்று, ஓரமெல்லாம் பென்சில் கணக்கு போட்ட கிண்டி ரேஸ் புத்தகம். இன்னொன்று, ஒரு தண்டல் அட்டை. நூறு கட்டம், அதில் 92-ல் கையெழுத்து.

"குதிரை கவுத்துடுச்சுடா" என்பதுதான் அவர் எப்போதும் சொல்வது. எனக்குச் சோறு போடுவது கணக்கு. அதனால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். குதிரை பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

முதலில் புக்கி. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அவருக்குத் தெரியும் என நினைக்கிறோம். தெரியவே வேண்டாம். மூன்று குதிரை ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விலை: ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று. அவற்றின் மேல் முறையே 600, 400, 300 ரூபாய் பந்தயம் விழுகிறது. மொத்த வசூல் 1,300. இப்போது எது ஜெயித்தாலும், கட்டிய பணத்தையும் சேர்த்து அவர் திருப்பித் தர வேண்டியது 1,200 தான். 100 ரூபாய் குதிரை கிளம்பும் முன்னாலேயே அவர் பைக்குள் போயாச்சு. பணம் ஒரே குதிரைமேல் குவிந்தால் அதன் விலையைக் குறைப்பார், மற்றதை ஏற்றுவார். அவர் பார்ப்பது குதிரையை இல்லை, தன் நோட்டை.

இதற்கு மாற்றாக 1867-ல் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் ஒரு முறை கொண்டுவந்தார். எல்லாப் பணத்தையும் ஒரே குவியலில் போட்டு, முதலில் நடத்துபவர் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பது. கிண்டியில் 'டோட்' என்பது இந்த வகைதான். இதற்கு இயந்திரம் செய்தவர் ஜார்ஜ் ஜூலியஸ். அவர் முதலில் யோசித்தது தேர்தல் ஓட்டு எண்ணும் இயந்திரம். ஆஸ்திரேலிய அரசு வேண்டாம் என்றதும் அதையே பந்தயத்துக்கு மாற்றினார். 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓடத் தொடங்கியது. என் தொழிலுக்கு ஒருவகையில் தாத்தா! டோட்டில் பங்கு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். புக்கியிடம் அது விலைக்குள்ளேயே கரைந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு நீண்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் 'இது சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு' என்று தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். ஆனால் எந்தத் திறமையும் அந்த 1,300-ஐ 1,200 ஆகாமல் தடுக்காது.

இப்போது தண்டல் அட்டைக்கு வருவோம். கடன் 10,000. கையில் கொடுத்தது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள். "நூத்துக்குப் பதினஞ்சு, அதுவும் மூணு மாசத்துக்கு மேல. மாசம் அஞ்சு வட்டிகூட வராது" என்பார் பெரியப்பா. இங்கேதான் பங்கு ஒளிந்திருக்கிறது. மறுநாளே 100 ரூபாயைத் திருப்ப ஆரம்பித்துவிடுகிறோம். 8,500 நம்மிடம் முழுசாக இருந்தது ஒரே ஒரு நாள். சராசரியாக அதில் பாதிதான் நம் கையில். சரியாகக் கணக்கிட்டால் நாளுக்கு 0.33 சதவீதம், அதாவது மாதம் பத்து வட்டி. வருடத்துக்கு 120 சதவீதத்துக்கும் மேல். வசூலான நூறுகளைத் தண்டல்காரர் அன்றைக்கே இன்னொரு கடைக்கு விட்டுவிடுவார் என்பது தனிக்கதை.

2003-ல் வந்த கந்து வட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. பெரியப்பாவின் அட்டை அதற்கு முந்தையது.

அந்த 92 கட்டத்தை மறுபடி பாருங்கள். 85-ஆவது நாளே வாங்கிய 8,500 திரும்பிப் போய்விட்டது. 92-ல் கட்டியது 9,200. மீதி எட்டுக் கட்டம் தவறியதால்தான் மீட்டர் ஓட ஆரம்பித்து, பெரியம்மாவின் இரண்டு வளையல் போனது.

போன வாரம் பெரியம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாம அவனுக்குப் பாக்கியே இல்லையாடா?" என்றார்.