சிசேரியன் அம்மா, மாரத்தான் அம்மா, ஒரே வகுப்பு: குழு உடற்பயிற்சியை எப்படி நடத்துவது?

பெங்களூரு, குருகிராம், புனே என எந்த நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்தாலும், ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்திருக்கும்: "அம்மாக்களுக்கு மட்டும் ஒரு ஃபிட்னஸ் கிளாஸ் ஆரம்பிக்கலாமா?" முதல் வாரம் கிளப் ஹவுஸ் நிறைந்துவிடும். போகப் போக ஆள் குறையும். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஏற்கெனவே ஃபிட்டாக இருந்தவர்கள்தான். வகுப்பு யாருக்கு உண்மையில் தேவையோ, அவர்தான் முதலில் நின்றுவிடுகிறார்.

இதற்கு "மோட்டிவேஷன் இல்லை" என்று காரணம் சொல்வது சுலபம். ஆனால் பிரச்னை பெரும்பாலும் வகுப்பின் வடிவமைப்பில்தான் இருக்கிறது.

20 பேர் வந்தால், அவர்கள் யார்?

லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024-ல் வெளியான ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெண்களில் 57% பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் இது 42%. அதே நேரம், மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அதாவது இவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. உடற்பயிற்சிக்கென்று ஒதுக்க நேரம் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து உடல்நிலை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 47.4% சிசேரியன். இந்தச் சராசரிகளை 20 பேர் கொண்ட ஒரு நகர்ப்புற வகுப்பில் பொருத்தினால், சுமார் 11 பேருக்கு ரத்தசோகை இருக்கலாம், 9 பேர் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்களாக இருக்கலாம். (விரல்நுனி ரத்தத்தில் அளந்ததால் ரத்தசோகைக் கணக்கு கூடுதலாக வந்திருக்கலாம் என்ற விமர்சனம் உண்டு. பாதியாகக் குறைத்தாலும் 5, 6 பேர்.) இது தோராயக் கணக்குதான். ஆனால் "நார்மலான அம்மா" என்று ஒருவரை மனதில் வைத்து வகுப்பைத் திட்டமிட்டால், வந்தவர்களில் பாதிப் பேரை விட்டுவிடுகிறோம் என்பது இதிலேயே தெரிகிறது.

முதல் நாளுக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

எடை எவ்வளவு என்பதைக் கேட்க வேண்டாம். அதனால் யாருக்கும் பயன் இல்லை, சிலர் அதோடு திரும்பி வரவும் மாட்டார்கள். கேட்க வேண்டியவை வேறு: பிரசவம் ஆகி எத்தனை மாதம், சுகப்பிரசவமா சிசேரியனா, கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்ததா, இருமும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிகிறதா, அடிவயிற்றில் எதோ கீழே இறங்குவது போல கனமாக இருக்கிறதா, முட்டி, முதுகு எப்படி, இப்போது என்ன மருந்து எடுக்கிறார், காது, கண், கை கால் இயக்கத்தில் ஏதாவது தேவை உண்டா.

இதைக் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்கவே கூடாது. தனியாக ஒரு படிவம், அல்லது ஐந்து நிமிட போன் பேச்சு போதும். சிறுநீர் கசிவு பற்றிப் பலரும் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று வீட்டிலேயே முடித்துவிடுவார்கள். உண்மையில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பலருக்குக் கணிசமாகக் குறையும் பிரச்னை அது.

இன்னொன்று, வயிற்றுத் தசை விலகல். கர்ப்பத்தில் வயிற்றின் நடுவே இரு தசைகளும் விலகுவது இயல்பு. முதல் குழந்தை பெற்ற 300 பெண்களை வைத்து நார்வேயில் நடந்த ஆய்வில், பிரசவமான 6-வது வாரத்தில் 60% பேருக்கும், 12 மாதம் கழித்தும் சுமார் 33% பேருக்கும் அது இருந்தது. பயிற்சியின்போது வயிற்றின் நடுவில் கூம்பு மாதிரி எழும்பினால், அந்த அசைவு அவருக்கு இப்போதைக்குப் பளு அதிகம் என்று அர்த்தம். க்ரஞ்சஸ், முழு பிளாங்க் இரண்டையும் அவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கை வேண்டாம், நேரம் போதும்

கலவையான வகுப்பை நடத்துவதில் மிக முக்கியமான முடிவு இதுதான் என்று நான் நினைக்கிறேன். "எல்லோரும் 20 ஸ்குவாட்" என்று சொன்ன நொடியிலேயே ஒருவர் முதலாவதாக முடிப்பார், ஒருவர் கடைசியாக முடிப்பார். கடைசியாக முடித்தவரை மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். அவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

அதற்குப் பதில் "40 விநாடி செய்யுங்க, 20 விநாடி ஓய்வு" என்று சொல்லுங்கள். ஒருவர் 25 முறை செய்யலாம், இன்னொருவர் நாற்காலியைப் பிடித்து 6 முறை செய்யலாம். எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்துவார்கள்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் மூன்று வடிவம் தயாராக இருக்க வேண்டும். புஷ்-அப் என்றால் சுவரில் கை வைத்து, மேசையில் கை வைத்து, தரையில். ஸ்குவாட் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பாதி இறங்குவது, டம்பெல்லோடு முழுதாக இறங்குவது. செய்து காட்டும்போது சுலபமானதிலிருந்து ஆரம்பியுங்கள். கஷ்டமானதை முதலில் காட்டிவிட்டு "முடியாதவங்க இப்படிப் பண்ணுங்க" என்றால், அது தோற்றவர்களுக்கான வழி ஆகிவிடும். முதலில் சுலபமானதைக் காட்டி "இன்னும் வேணும்னா இப்படி" என்று போனால் யாரும் கீழே இறங்கியதாக உணர மாட்டார்கள். பயிற்சி அதேதான், சொல்லும் வரிசை மட்டுமே மாறுகிறது.

வரிசையாக நிற்க வைக்காமல் வட்டமாக நிற்க வைப்பதும் உதவும். பின்வரிசை என்று ஒன்று இருக்காது. காது கேளாத அம்மாவுக்குப் பயிற்றுநரின் முகமும் கையும் எப்போதும் தெரியும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு "இப்படி" என்று சொன்னால் புரியாது; "வலது காலை ஒரு அடி பின்னால வைங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்கு மியூசிக் சத்தம் கொஞ்சம் குறைய வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு ரெசிஸ்டன்ஸ் பேண்டோடு மேலுடல் பயிற்சி. அவரை ஓரமாக வைக்காமல் அதே வட்டத்துக்குள் வையுங்கள்.

எவ்வளவு தீவிரம் சரி?

ஸ்மார்ட் வாட்ச் தேவையில்லை. பேச்சுதான் அளவுகோல். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான தீவிரம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாவிட்டால் கடும் தீவிரம். ரத்தசோகை உள்ளவருக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும், அதை சோம்பல் என்று நினைத்து "கமான், கமான்" என்று விரட்டக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அது நீக்கிவிட்டது. ஆகவே குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு 15 நிமிடம் தாமதமாக வருபவரைத் திருப்பி அனுப்ப எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஓட்டம், குதித்தல் இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். இயன்முறை மருத்துவர்கள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, குறைந்தது 12 வாரம் பொறுத்து, அதுவும் அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் மட்டுமே ஓடலாம் என்கிறது. முன்பு மாரத்தான் ஓடியவருக்கும் இதேதான். இவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் பயிற்றுநருக்குப் பெரும்பாடு.

நெஞ்சுவலி, மயக்கம், திடீரென ரத்தப்போக்கு அதிகரிப்பது, ஒரு பக்கக் கெண்டைக்காலில் மட்டும் வலியோ வீக்கமோ இருந்தால் அன்றைக்குப் பயிற்சி அதோடு நிறுத்தம், உடனே மருத்துவர். கெண்டைக்கால் விஷயத்தில் "சுளுக்கா இருக்கும்" என்று நீவிவிடவே கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் உறையும் ஆபத்து வழக்கத்தைவிட அதிகம்.

குழந்தை, கட்டணம், பயிற்றுநர்

பாலூட்டும் அம்மாக்கள் மிதமாகப் பயிற்சி செய்வதால் பால் குறையாது. வகுப்புக்கு முன் பால் கொடுத்துவிட்டு வந்தால் உடம்புக்கும் சௌகரியம். ஹாலின் ஒரு மூலையில் பாய் விரித்து, சுற்று முறையில் ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருந்தால் வருகை நிச்சயம் கூடும். எடைக் கருவிகள் அந்த மூலைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

மாதக் கட்டணம் இந்தக் கூட்டத்துக்குச் சரிப்படாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் போய்விடும், காசு வீணாகிறதே என்ற எரிச்சலில் அடுத்த மாதம் கட்ட மாட்டார்கள். "8 வகுப்பு, இரண்டு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும்" என்ற பாஸ் நல்லது.

உடற்பயிற்சிப் பயிற்றுநராக வேலை செய்ய இந்தியாவில் நாடு தழுவிய கட்டாய உரிமம் எதுவும் இல்லை. ஆகவே சான்றிதழின் பெயரைவிட இரண்டு கேள்விகள் பயன் தரும்: "வயிற்றுத் தசை விலகியிருந்தால் எந்தப் பயிற்சியை மாற்றுவீங்க?" "எப்போ ஒருத்தரை டாக்டர்கிட்ட அனுப்புவீங்க?" இரண்டாவதற்கு "அந்த அவசியமே வராது" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

ஒருவர் தொடர்ந்து தூக்கமில்லை, அழுகை வருகிறது, குழந்தை மேல் பற்றே வரவில்லை என்று சொன்னால், அதை ஸ்குவாட் சரிசெய்யாது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416-ஐ ஹால் சுவரில் ஒட்டி வையுங்கள். தமிழிலும் பேசலாம்.