திருத்துவோரின் வரலாறு

யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஏறக்குறைய ஒரே பாதையிலேயே நடந்து வந்துள்ளனர். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, அதன் முதல் அதிபர் டானியல் பூவர். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி. அவ்வளவிலேயே 1974இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகம், அதன் முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானமை. கட்டடங்களும் நிறுவுநர்களும் இவ்வாறு வரிசையாக வருவர். என் மாணவர்க்கு நானும் இப்படித்தான் கற்பித்து வருகிறேன். பரீட்சை வினாத்தாளும் இதையே கேட்கிறது. ஆயினும் நிறுவப்பட்ட ஒன்றை மறுநாட் காலையிலும், அதற்கு அடுத்த நாட் காலையிலும் இயங்க வைத்தவர் யார் என்ற கேள்வி சில காலமாக என்னை விட்டகலவில்லை.

அக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. 2013ஆம் ஆண்டில் நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற இறுதி வருட மாணவன். ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்க இரண்டு நாட்களே இருந்தன. பென்டிரைவைக் கணினியிற் செருகினேன். கோப்புகள் அனைத்தும் மறைந்து, அவை இருந்த இடத்தில் குறுக்குவழிக் குறிகள் மட்டும் நின்றன. ஓராண்டு உழைப்பு! கணினிக்கூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராய் இருந்த ஓர் அண்ணையிடம் ஓடினேன். அவர் கறுப்புத் திரையொன்றைத் திறந்து ஒரு வரி தட்டினார். "வைரஸ் மறைச்சு வைச்சிருக்கு, அழிக்கேல்லைத் தம்பி" என்றார். கோப்புகள் திரும்பின. ஆனால் திறந்தபோது தமிழுக்குப் பதில் இலத்தீன் எழுத்துக்களின் சிதறலே தெரிந்தது. எனக்கு இரண்டாந் தடவையும் மூச்சு நின்றது. அவர் சிரித்துக்கொண்டே பாமினி எழுத்துருவை நிறுவினார். சிதறல் கட்டுரையாயிற்று.

என் ஆய்வின் நன்றியுரையில் பேராசிரியர் உண்டு, நூலகர் உண்டு, பெற்றோர் உண்டு, தட்டச்சில் உதவிய நண்பனும் உண்டு. அவர் இல்லை. பத்தாண்டுகள் கழித்துப் பிரதியைப் புரட்டியபோதுதான் அது கண்ணிற் பட்டது. வெட்கத்துடன் அவரைத் தேடிப் போனேன். அதன்பின் பல மாலைகள் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டவையே இக்கட்டுரைக்கு அடிப்படை. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவ்வாறே விடுகிறேன்.

இம்மறதி யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. 1946 பெப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்னும் பெருங் கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அந்த யந்திரத்துக்குக் கணக்கை ஊட்டியவர்களும், பழுது நேர்ந்தால் எந்தக் குழாய் கெட்டதென்று தேடிப் பிடிக்கக் கற்றவர்களும் ஆறு பெண்கள். யந்திரத்தை வடிவமைத்த எக்கேட், மோக்லி என்போரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அன்றைய விழா விருந்துக்கு அப்பெண்கள் அழைக்கப்படவேயில்லை. பல பதின்மாண்டுகளுக்குப் பின்னரே உலகம் அவர்களைத் தேடியது. பல்கலைக்கழக வளவொன்றுக்குள் கணினி கால் வைத்த வேளையிலேயே, அதனோடு மல்லுக்கட்டியோர் விருந்துக்கு வெளியே நின்றனர் என்பது கவனிக்கத் தக்கது.

நம் மண்ணிலும் இதற்கு முன்கதை உண்டு. 1834இல் அமெரிக்க மிசனரிமார் மானிப்பாயில் அச்சகம் அமைத்தனர். 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மாட்டின், சேத் பேசன் ஆகியோரின் பெயரை நாம் அறிவோம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்தவனை நம் பாடநூல் அறியாது. சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவுக்குப் பிழைக்கப் போய், தமிழ்த் தட்டச்சு யந்திரத்தை ஆக்கிய முத்தையாவை ஓரளவு நினைவில் வைத்திருக்கிறோம். அவ்யந்திரத்தின் சுருளையும் நாடாவையும் மாற்றி, மடங்கிய எழுத்துக்கோலை நிமிர்த்தித் தந்தவரை நினைவில் வைக்கவில்லை. இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: என் கட்டுரையைக் காத்த பாமினி எழுத்துருவின் விசைப்பலகை, 'யளனகப' என்று தொடங்கும் பழைய தட்டச்சு வரிசையையே பின்பற்றுவது. கணினியின் வயிற்றுக்குள் தட்டச்சு யந்திரம் இன்னமும் உயிரோடிருக்கிறது.

இனி அவர் கதைக்கு வருவோம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது அவருக்கு வயது பதினெட்டு. தீபகற்பத்துக்கு மின்சாரம் அற்றுப்போனது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் மெழுகுதிரியும் சவர்க்காரமும் சீமெந்தும் அகப்பட்டன. ஜாம் போத்தலின் அடியில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு அவ்வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாயின. மோட்டார் சைக்கிள்கள், காபரேற்றருக்குள் ஒரு துளி பெற்றோலை ஊதிக் கிளப்பப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. கோண்டாவிலில் வானொலி திருத்தும் சிறு கடையொன்றில் அவர் எடுபிடியாய்ச் சேர்ந்தார்.

வானொலி இருந்தது, பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைக் கையாற் சுற்றினால் டைனமோ ஆறு வோல்ற்று மின்னைத் தரும். ஆனால் அது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலமாகக் கட்டி ஓட்டத்தை ஒரு திசைப்படுத்த வேண்டும். அதன் பின்னும் துடிப்பு அடங்காது. ஒரு கொள்ளளவியைக் குறுக்கே இட்டால்தான் இரைச்சல் தணிந்து பி.பி.சி. தமிழோசை கேட்கும். சுற்றுபவன் களைத்தால் செய்தியாளரின் குரலும் களைக்கும். இந்த இருவாயியும் கொள்ளளவியும் எங்கிருந்து வரும்? செத்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் வயிற்றிலிருந்து. "புதுச் சாமான் எண்டு ஒண்டை நான் கண்ணாலை கண்டது ஆறேழு வருசத்துக்குப் பிறகுதான்" என்றார். ஒரு பாகத்தின் இலக்கத்தைப் பார்த்து வாங்கும் வழக்கம் அவரிடம் உண்டாகவேயில்லை. அது செய்யும் வேலையை அறிந்து, அதே வேலையைச் செய்ய வேறெதனால் முடியும் என்று தேடும் வழக்கமே உண்டாயிற்று. பௌதிகவியலை இவ்வாறு கற்றோர் எத்தனை பேர்?

அந்த ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் இருந்தவர் பேராசிரியர் அ. துரைராஜா. மண் பொறியியலில் பேர் பெற்ற அவ்வறிஞர் 1988 முதல் 1994 வரை அப்பொறுப்பை வகித்தார். அவர் சைக்கிளில் வளாகத்துக்கு வந்து போனதை யாழ்ப்பாணம் இன்றும் பெருமையோடு சொல்லும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் ரியூப் கிடைக்காத அக்காலத்தில் சைக்கிள்களுக்கு ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டு ஓட வைத்த கடைக்காரர்களைப் பற்றி எந்த நினைவுப் பேருரையிலும் நான் கேட்டதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. சில இலட்சம் மக்கள் நாவற்குழிப் பாதையில் மழையில் நகர்ந்தனர். இவரது உரப்பையில் உடுப்புக் குறைவு; ஈயம் பற்றவைக்கும் கோலும் ஒரு மல்ற்றிமீற்றரும் இருந்தன. தாயார் ஏசினாராம். மிருசுவிலில் மரத்தடியில் இருந்த மாதங்களில் அந்தக் கோலை நெருப்பிற் சூடாக்கித்தான் வானொலிகளைத் திருத்தினார். கிடைத்த அரிசியில் குடும்பம் சாப்பிட்டது. தாயார் பிறகு ஏசவில்லை.

1996இல் ஊர் திரும்பியபின் தொழில்நுட்பக் கல்லூரியிற் படித்துத் தகுதி பெற்று, 1998இல் பல்கலைக்கழக வேலைக்கு எடுபட்டார். மின்பிறப்பாக்கிகளின் தயவில் மின்சாரம் பகுதி பகுதியாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பிறகே தீபகற்பம் தேசிய மின்வலையமைப்போடு மீள இணைந்தது. அதுவரை அவரது முதற் பகை, ஏறி இறங்கும் மின்னழுத்தம். கணினியின் மின்வழங்கியிலுள்ள கொள்ளளவிகள் பொங்கி வெடிக்கும். இரண்டாம் பகை வலிகாமத்துச் செம்மண் புழுதி. விசிறியின் அலகுகளில் அது களிம்பாய்ப் படியும். பிறகு எறும்பு. சூடு தேடி வந்து பெட்டிக்குள் குடியேறிச் சுற்றுப் பலகையில் முட்டையிடும். பல்லியொன்று இரு முனைகளைத் தொட்டுத் தானும் எரிந்து பலகையையும் எரித்த கதை தனி. ஐப்பசி கார்த்திகையில் இடி. வானம் இருண்டால் கூடம் கூடமாய் ஓடி வயர்களைக் கழற்றுவார். நினைவகப் பலகையின் செம்பொன் விளிம்பு கறுத்துக் கணினி எழும்ப மறுத்தால் அவர் எடுப்பது பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர். நாலு தேய்ப்பு, யந்திரம் எழும்பிவிடும். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடுண்டு உதிரிப்பாகங்கள் மீண்டும் அரிதானபோது பலர் கலங்கினர். அவருக்கு அது தெரிந்த பாடம்.

இத்தகையவரை நிருவாக மொழி 'கல்விசாரா ஊழியர்' என்று வகுக்கிறது. தமிழ் படித்தவன் என்ற முறையில் இச்சொல்லைச் சற்றே விரித்துப் பார்க்க விரும்புகிறேன். கல்வியைச் சாராதவர், எதிர்மறைப் பெயரெச்சத்தால் அமைந்த தொடர். ஒரு மனிதனின் தொழிலைச் சொல்லாது, அவன் எதுவல்லன் என்பதை மட்டும் சொல்கிறது. தச்சனைத் தச்சன் என்கிறோம், உழவனை உழவன் என்கிறோம். வயதான பேராசிரியரின் விரலைப் பிடிக்காத குறையாக அவருக்கு யுனிகோட்டில் தமிழ் எழுதப் பழக்கியவர் மட்டும் கல்வியைச் சாராதவர். முதலாம் வருட மாணவிக்கு, கணினியைத் தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சத்தைப் போக்கியவர் கல்வியைச் சாராதவர். மூளை உழைப்பு மேல், கை உழைப்பு கீழ் என்ற நம் சமூகத்தின் பழைய பிரிவினை, அதன் வேர் எங்கே என்பது வாசகர்க்குத் தெரியும், பல்கலைக்கழக மதிலேறிக் குதித்து உள்ளே வந்து சுற்றுநிருபமாய் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டிலும் அதே அளவுகோல்தான். 2001இல் அவருக்குக் கலியாணம் பேசினர். தரகர் "கம்பசிலை வேலை" என்றதும் பெண் வீட்டார் முகம் மலர்ந்ததாம். சீதனத் தொகையும் ஏறியதாம். "விரிவுரையாளரோ?" என்று கேட்டு, இல்லையென்று அறிந்ததும் தொகை இறங்கியது. "நான் ஒண்டும் கேக்கேல்லை. ஏத்தினதும் அவை, இறக்கினதும் அவை" என்று சொல்லிச் சிரித்தார். அச்சம்பந்தம் நடக்கவில்லை. பின்னர் மணந்த அம்மையார் தையல் ஆசிரியை. சீதனம் வாங்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அம்மையார்தான் தேநீர் தரும்போது சொன்னார்.

2009க்குப் பின் அவரது மாலை நேரங்கள் வேறோர் உழைப்பால் நிறைந்தன. கனடாவிலும் சுவிசிலும் இருந்த பிள்ளைகள் மடிக்கணினி அனுப்பினர். அதைத் திறக்கத் தெரியாத தாய்மார் ஊரில் இருந்தனர். ஸ்கைப்பை இயக்கிக் கொடுக்க வீடு வீடாய்ச் சைக்கிளிற் போனார். கூலி தேத்தண்ணியும் வடையும். பதினேழு ஆண்டுகளாய் மகனைக் காணாத கிழவியொருத்தி திரையைத் தடவிப் பார்த்ததையும், தாம் வெளியே போய் முற்றத்தில் நின்றதையும் சொல்லி, அதற்கு மேல் அவர் பேசவில்லை.

2020இல் கொள்ளை நோய் வளாகங்களை மூடியது. விரிவுரைகள் 'லேர்ன்' என்னும் கல்வி வலையமைப்பின் வழியே வீடுகளுக்குப் போயின. விரிவுரையாளரின் குரல் கேட்கவில்லையென்றால் இரவு பத்து மணிக்கும் இவருடைய தொலைபேசி ஒலித்தது. 2022இல் நாடு கடனில் மூழ்கி, மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தைத் தொட்டபோது, தெற்கிலுள்ளோர் திகைத்தனர். இங்கே கிழவர்கள் ஜாம் போத்தலைத் தேடினர். 2024 மே 2ஆம் நாள் தொடங்கி, சம்பளத்தில் ஏற்பட்ட 15% குறைவை ஈடுசெய்யக் கோரி, நாடெங்கும் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். பல்கலைக்கழகங்கள் முடங்கின. கல்வியைச் சாராதவர் கையை எடுத்தவுடன் கல்வி நின்றுபோன காரணத்தை ஆராயச் சொல்லிழுக்கும் இலக்கணக்காரரை அழைக்கலாம். அவரும் வெளியே நின்றார். மாணவரை எண்ணித் தமக்கு நித்திரை வரவில்லை என்றும், ஆனால் போகாதிருந்தது சரியே என்றும் சொன்னார். இரண்டும் உண்மையென்றே நான் நம்புகிறேன்.

அவரிடம் பதினொரு கொப்பிகள் உள்ளன. அலுவலகப் பதிவேடுகள் அல்ல. அவர் தமக்கென எழுதியவை. திகதி, யந்திரம், நோய், மருந்து என்று நான்கு நிரல்கள். 'மின்வழங்கி, எறும்பு, கழுவி வெயிலில் வைத்தது.' 'இடி, வலைப்பின்னல் அட்டை, பழைய பெட்டியிலிருந்து.' 'பழுதில்லை, செருகி பூட்டவில்லை.' போர் எப்போது நெருங்கியது, பாதை எப்போது மூடியது, எப்போது திறந்தது என்பதெல்லாம் மூன்றாம் நான்காம் நிரல்களிலே தெரிகிறது. 2002இல் ஏ9 திறந்தபின் 'புதிது' என்னும் சொல் முதன்முதலாக வருகிறது. 2006 இறுதியில் அது மறைகிறது.

"உதுகளை ஆர் தம்பி வாசிக்கப் போகினம்?" என்றார். பாடசாலை விடுமுறையில் அவற்றைப் பிரதி எடுக்க அனுமதி கேட்டேன், தந்தார். முதலிரண்டு கொப்பிகளின் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. 1999 கார்த்திகை வரையான பக்கங்களில் திகதிகள் இல்லை. எஞ்சியவற்றைச் சித்திரைக்குள் முடிக்க வேண்டும்.