அடிப்பதா, தடுப்பதா? மெல்போர்ன் 1956 முதல் கத்தார் 2024 வரை



தொடர்ந்து தோற்கும் ஒரு கால்பந்து அணி என்ன செய்ய வேண்டும்? பத்துப் பேரும் பின்னால் நின்று கோலைக் காப்பாற்றுவதா? இல்லை, வருவது வரட்டும் என்று முன்னேறி அடிப்பதா? இந்தப் பேச்சு எடுத்தாலே எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். பதில் தேட இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டங்களையே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஒரு காலத்தில் திணறிய அணி ஆஸ்திரேலியா. இப்போது திணறுவது நாம்!

கதை 1952-ல் தொடங்குகிறது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. அப்படி அடி வாங்கிய எந்த அணியும் அடுத்த முறை கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆடும். ஆனால் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அப்படிச் செய்யவில்லை. ஹைதராபாத்காரரான இவர் வீரர்களை இரண்டு காலாலும் ஆடப் பழக்கினார். பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்காமல் சட்டென்று பாஸ் கொடுக்கச் சொன்னார்.

1956 டிசம்பர் 1, மெல்போர்ன் ஒலிம்பிக் காலிறுதி. எதிரே ஆஸ்திரேலியா, அதுவும் அவர்கள் சொந்த மண்ணில். நெவில் டிசோசா முதல் கோல் அடித்தார். புரூஸ் மாரோ சமன் செய்தார். டிசோசா மறுபடி அடித்தார். மாரோவும் மறுபடி சமன் செய்தார். இரண்டு முறை முன்னிலை கைநழுவியும் இந்தியா பின்வாங்கவில்லை. இடைவேளை முடிந்து வந்ததும் டிசோசா மூன்றாவதை அடித்து ஹாட்ரிக் போட்டார். கடைசியில் கிட்டு என்ற கிருஷ்ணசாமி நான்காவதையும் போட, 4-2 என்று நாம் ஜெயித்தோம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இந்தியாதான். அதே மாதம் 12-ம் தேதி சிட்னியில் நடந்த நட்பு ஆட்டத்தில் 7-1 என்று இன்னும் பெரிய வெற்றி!

"பார்த்தாயா, தாக்குதல்தான் வழி" என்று குதிக்க வேண்டாம். முதல் சுற்றில் நாம் மோத வேண்டிய ஹங்கேரி போட்டிக்கே வரவில்லை. அரையிறுதியில் முதல் கோல் அடித்தும் யூகோஸ்லாவியாவிடம் 1-4 என்று தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. பலமான அணிக்கு எதிராகத் திறந்து விளையாடினால் என்ன ஆகும் என்பதையும் அதே ஒலிம்பிக்தான் காட்டியது.

தடுத்து ஆடி ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். 2004 யூரோ கோப்பையில் கிரீஸ் அணி காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே வென்றது. ஆனால் அந்த மூன்றிலும் ஒரு '1' இருந்ததைக் கவனியுங்கள். இனி நம் கதை. 2011 ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-4 என்று தோற்றோம். 2024 ஜனவரி 13-ல் கத்தாரில் அதே ஆஸ்திரேலியாவிடம் இடைவேளை வரை 0-0 என்று தாக்குப்பிடித்து, பிறகு 0-2 என்று தோற்றோம். நான்கு இரண்டாகக் குறைந்தது தடுப்பாட்டத்தின் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்துப் பூஜ்ஜியம் அப்படியே இருக்கிறதே! அந்தத் தொடரில் மூன்று ஆட்டத்திலும் நாம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

எங்கள் கருங்குழியில் ஒரு பழைய கோட்டை இருந்தது. 1759 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். எந்தக் கோட்டைக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு: மதில் சண்டையை ஜெயித்துத் தராது, நேரம்தான் வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் வெளியிலிருந்து படை வர வேண்டும், அல்லது உள்ளிருப்பவர்கள் கிளம்பிப் போய் அடிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உள்ளே இருக்கும் அரிசி தீரும் நாளில் கதை முடிந்துவிடும். கால்பந்தில் அந்த அரிசி, வீரர்களின் மூச்சு!

ரஹீமுக்கு இது தெரிந்திருந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். பின்கள வீரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை உட்கார வைக்காமல், அரையிறுதியில் முன்களத்துக்கு அனுப்பினார் ரஹீம். அந்த ஆட்டத்திலும் ஜர்னைல் கோல் அடித்தார், இறுதியிலும் அடித்தார். அதே தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். அந்த இறுதியில் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். முன்னே துணிச்சல், பின்னே பலம், இரண்டும் சேர்ந்த வெற்றி அது.

நம்மிடம் தோற்ற ஆஸ்திரேலியாவும் அதே பாடத்தைக் கற்றது. 2006 உலகக் கோப்பையில் ஜப்பானிடம் 0-1 என்று பின்தங்கியபோது, பயிற்சியாளர் கஸ் ஹிட்டிங்க் ஒரு பின்கள வீரரை வெளியே எடுத்துவிட்டு முன்கள வீரரை இறக்கினார். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் மூன்று கோல், 3-1!

நாமோ 2027 ஆசியக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் நாம் அடித்தது இரண்டே கோல். எதிரே இருந்தவை ஆஸ்திரேலியாவோ ஜப்பானோ அல்ல. வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர்.

ஆகவே என் கட்சி இதுதான். பலவீனமான அணி தடுத்து ஆடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் பந்து காலுக்கு வந்த அடுத்த நொடி அதை யாருக்குக் கொடுப்பது, யார் ஓடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவு இல்லாத தடுப்பாட்டம், தோல்வியை இடைவேளைக்குப் பிறகு தள்ளிப்போடுவது மட்டும்தான்.

நீங்கள் எந்தக் கட்சி?