ஏரியின் மக்கள்

இராமகாதை கடல்கடந்து பரவிய வரலாற்றை மாணவர்க்கு உரைக்கும்போது சாவகம், சயாம், காம்போசம் என எண்ணி நிறுத்திவிடுதல் நம் வழக்கம். அவற்றுக்கும் கிழக்கே, பிலிப்பைன்ஸின் தென்பெருந்தீவாகிய மிண்டனாவோவிலும் ஓர் இராமகாதை உண்டு. அதன் பெயர் 'மகாராதியா லாவானா'. ஹுவான் ஃபிரான்சிஸ்கோ என்னும் பிலிப்பைன்ஸ் அறிஞர் அதனை 1969-இல் வெளியிட்டார். அதில் இராவணனுக்கு எட்டுத் தலைகள். அவன் முறையீட்டை அல்லாவிடம் கொண்டுசேர்ப்பவர் வானவர் ஜிப்ரீல். இக்கதையைக் காத்துவந்தோர் இசுலாமியராகிய மரானாவ் மக்கள்.

அவர்தம் மொழியில் 'ரானாவ்' என்பது ஏரி. மரானாவ் எனில் ஏரியின் மக்கள். லானாவ் ஏரி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் மேலே, மலைகளுக்கிடையே பரந்து கிடக்கிறது. அதன் வடகரையில் மராவி நகர். அங்கே புறப்படும் அகுஸ் ஆறு, மரியா கிறிஸ்தினா அருவியாய் வீழ்ந்து இலிகான் வளைகுடாவை அடைகிறது.

இவ்வுயரமே அம்மக்களுக்கு அரணாயிற்று. 1639-இல் ஏரிக்கரை வரை வந்த ஸ்பானியர் நிலைகொள்ள இயலாது திரும்பினர். 1895-இல் அவர்கள் மராவியைக் கைப்பற்றினர்; பீரங்கிப் படகுகளையும் பகுதி பகுதியாக மலைமேல் சுமந்துவந்து ஏரியில் மிதக்கவிட்டனர். 1902-இல் பாயான் கோட்டையில் அமெரிக்கப் படையோடு பொருது மரானாவ் வீரர் பலர் மாண்டனர்.

நெல்லும் சோளமும் விளைத்தல், மீன்பிடித்தல், துணி நெய்தல், ஊர்ஊராய்ச் சென்று வணிகம் செய்தல் ஆகியவை இவர்தம் தொழில்கள். துகாயா என்னும் ஊர் பித்தளை வார்ப்புக்குப் பெயர்பெற்றது. தலைவர் வாழும் 'தோரோகான்' இல்லங்களின் உத்தர முனைகளில் நாக வடிவங்களைச் செதுக்குவர்.

1953 முதல் அகுஸ் ஆற்றின் வீழ்ச்சி மின்சாரமாயிற்று, இலிகானில் ஆலைகள் எழுந்தன, தீவெங்கும் விளக்கெரிந்தது. ஏரியோ வறுமையுற்றது. நம் குளங்களில் காணும் கெண்டையின் உறவினங்கள் பல உலகில் இவ்வேரியிலன்றி வேறெங்கும் வாழ்ந்ததில்லை. வெளியிலிருந்து விடப்பட்ட மீன்களும் அளவிறந்த மீன்பிடிப்பும் அவற்றை அழித்தன. ஏரிக்கும் அதன் ஆற்றுக்குமே உரிய 17 மீனினங்களுள் 15 அற்றுப்போயின என 2020-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

நகரும் தப்பவில்லை. 2017 மே மாதம் தீவிரவாதிகள் மராவியுள் புகுந்தனர். ஐந்து திங்கள் நீடித்த போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் நடுப்பகுதி இடிபாடாயிற்று. இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர்.

எஞ்சியது பாட்டு. 17 பிரிவுகளும் 72,000 அடிகளும் கொண்ட 'தராங்கென்' என்னும் காப்பியத்தை மணவிழாக்களில் இரவுதோறும் பாடுவது அவர் மரபு. 2005-இல் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் அரும்பெரும் வாய்மொழி மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆயினும் அதன் தொன்மொழிச் சொற்களை அறிந்து பாடவல்லோர் குறைந்துவருகின்றனர்.

இடிந்த நகரை மீண்டும் கட்டலாம். அற்றுப்போன மீன் திரும்பாது. தராங்கென் இவற்றுள் எதன் வழி செல்லும் என்பது, அதனைக் கேட்டுக் கற்கும் இளையோர் கையில் உள்ளது. ஏட்டில் உறங்கிய சங்கப் பாடல்களை மிகப் பிந்தியே மீட்டெடுத்த நமக்கு இவ்வச்சம் புதிதன்று.