கண் மஞ்சளானா கீழாநெல்லி போதுமா? பித்தக்குழாயை அடைக்கும் புழுக்கள் பற்றி தெரிஞ்சுக்கோங்க!

கண் மஞ்சளானா முதல்ல கீழாநெல்லியைத் தேடுறது நம்ம ஊர் வழக்கம். ஆனால், எல்லா மஞ்சள் காமாலையும் ஒன்றல்ல. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரை குடலுக்குக் கொண்டுவரும் குழாய் அடைபட்டாலும் கண் மஞ்சளாகும். பெரும்பாலும் பித்தக்கல் அல்லது கட்டிதான் காரணம். அரிதாக, கிருமியோ புழுவோ அடைத்துவிடும்.

புழு எப்படி அங்கே போகும்?

சிறுகுடலில் வாழும் உருண்டைப்புழு 15 முதல் 35 செ.மீ. வரை வளரும். ஊர்ந்துகொண்டே இருக்கும் இது, பித்தக்குழாய் குடலில் திறக்கும் துவாரத்துக்குள் நுழைந்துவிடலாம். பலருக்கு காமாலை இல்லாமல், வலது மேல் வயிற்றில் திடீர் வலி மட்டும் வரும்.

காஷ்மீரில் இது அதிகம். இப்படிப் பாதிக்கப்பட்ட 500 பேரைப் பற்றி ஸ்ரீநகர் மருத்துவர் குரூ குழுவினர் 1990-ல் 'லான்செட்' இதழில் எழுதினர். பெரும்பாலும் புழு தானாகவே குடலுக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் வெளியே எடுப்பார்கள்.

வேறு காரணங்கள்?

நாயிடமிருந்து பரவும் நாடாப்புழுவால் கல்லீரலில் நீர்க்கட்டி உருவாகி, அது பித்தக்குழாய்க்குள் உடையலாம். காசநோயால் வீங்கிய நெறிக்கட்டியும் குழாயை வெளியிலிருந்து அழுத்தலாம்.

மீன் சாப்பிடலாமா?

சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கம் மீன் இல்லாத சாப்பாடு ஏது? பயம் வேண்டாம். தாய்லாந்தின் வடகிழக்கில் பித்தக்குழாய் புற்றுநோய் வரை கொண்டுபோகும் கல்லீரல் தட்டைப்புழு, பச்சையாகச் சாப்பிடும் நன்னீர் மீனிலிருந்து வருகிறது. நன்கு வேகவைத்த மீனில் அது உயிரோடு இருக்காது.

எப்போது உஷாராகணும்?

மலம் வெளுத்துப் போவது, சிறுநீர் அடர் நிறமாவது, உடம்பு அரிப்பு ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். இதோடு குளிர் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால், பித்தக்குழாயில் சீழ் பிடித்திருக்கலாம். இது உயிருக்கே ஆபத்து. நாட்டு மருந்து கொடுத்து நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க. அடைப்பு இருக்கிறதா என்பதை முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

தடுப்பது எப்படி?

சாப்பிடும் முன் கை கழுவுங்க, காய்கறிகளை நன்றாக அலசுங்க, கழிப்பறையைப் பயன்படுத்துங்க. 2015-ல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு பள்ளி, அங்கன்வாடிகளில் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். பிள்ளைகளுக்கு அதைத் தவறவிடாதீங்க.