லஹைனாலூனாக் கலாசாலையும் ஹவாய் மக்களின் சரித்திரமும்

கலாசாலையொன்றின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் தாபகர், அதிபர், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் என்பவற்றையே நிரல்படக் கூறிச் செல்வர். மாணாக்கர் வாரந்தோறும் செய்துவந்த தோட்ட வேலை, சங்கக் கூட்டம், பத்திரிகை வெளியீடு முதலியன ஓரிரு வாக்கியங்களில் அடங்கிவிடும். எனினும், பாடத்திட்டம் மறக்கப்பட்ட பின்னரும் மாணாக்கரின் அம்முயற்சிகள் நிலைத்து நின்று ஒரு சமூகத்துக்கே பயன்பட்டமைக்குச் சரித்திரத்திற் சான்றுண்டு. பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மாவுயித் தீவில், 1831 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி தொடங்கப்பெற்ற லஹைனாலூனாக் கலாசாலை அத்தகைய சான்றுகளுள் ஒன்றாகும்.

தோற்றம்

லஹைனா என்பது மாவுயியின் மேற்குக் கரையிலுள்ள பட்டினம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது ஹவாய் அரசரின் இருப்பிடமாயும், திமிங்கில வேட்டைக் கப்பல்கள் தங்கும் துறையாயும் விளங்கிற்று. "லூனா" என்னும் சொல் "மேல்" எனப் பொருள்படும். பட்டினத்துக்கு மேலே மலைச்சரிவில் அமைந்தமையாற் கலாசாலை இப்பெயர் பெற்றது.

இதனை நிறுவிய அமெரிக்க மிஷன் சங்கத்தார் யாழ்ப்பாணத்துக்குப் புதியவரல்லர். 1816 இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிய அதே சங்கமே 1819 இல் ஹவாய்க்கும் மிஷனரிமாரை அனுப்பிற்று. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறி தோன்றியது. எட்டாண்டுகளின் பின் லஹைனாலூனா தோன்றியது. இவ்விரண்டும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் எனினும் போதனாமொழியில் வேறுபட்டன. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் படைத்த தமிழ் வழங்கும் வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்வி பெரிதும் ஆங்கிலத்தின் வழியாகவே நடைபெற்றது. லஹைனாலூனாவிலோ கணிதம், பூமிசாத்திரம், நில அளவை முதலிய யாவும் ஹவாய் மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. அம்மொழியோ மிஷனரிமார் வந்த பின்னரே எழுத்துருப் பெற்றது. அதற்கென வகுக்கப்பட்ட எழுத்துக்கள் பன்னிரண்டே. நூல்கள் இல்லாமையால் முதல் அதிபர் லொறின் அன்றூஸும் அவர்தம் துணைவரும் பாடநூல்களைத் தாமே எழுதவும் மொழிபெயர்க்கவும் நேர்ந்தது.

முதல் மாணாக்கர்

முதலிற் சேர்ந்தவர் இருபத்தைவர். அவர்கள் சிறுவரல்லர், பல தீவுகளிலிருந்தும் வந்த வளர்ந்த ஆடவர். மணஞ்செய்து மனைவியரோடு வந்தவரும் அவருள் இருந்தனர். ஊர்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை ஆயத்தஞ் செய்தலே கலாசாலையின் முதல் நோக்கம். சிறுவரைச் சேர்த்து விடுதியில் வைத்துக் கற்பிக்கும் முறை 1836 இலேதான் தொடங்கிற்று.

வந்தவர்களுக்கு ஆயத்தமான கட்டடம் எதுவும் இருக்கவில்லை. தற்காலிகக் கொட்டிலொன்றிலே பாடம் நடைபெற, மாணாக்கரே மலையிலிருந்து மரமும் கடலிலிருந்து முருகைக்கல்லும் கொணர்ந்து, முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, கற்சுவரெழுப்பித் தம் பள்ளிக்கூடத்தைக் கட்டினர். உணவும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. மாவுயியின் தேசாதிபதி ஹோவப்பிலி வழங்கிய நிலத்தில் வாய்க்கால் நீர் பாய்ச்சிச் சேம்பு பயிரிட்டனர். சேம்பங்கிழங்கை அவித்து இடித்துக் களியாக்கிய "போய்" என்பதே அத்தீவினரின் அன்றாட உணவு. ஆகவே காலையும் மாலையும் மண்வேலை, இடையே புத்தகம் என்பது தொடக்கத்திலேயே அமைந்த ஒழுங்காயிற்று.

வாரமும் மதியும்

இங்கு ஒரு செய்தி ஊன்றி நோக்கற்பாலது. ஹவாய் மக்களுக்கு ஏழு நாள் வாரம் என்பதே புதியது. முன்னோர் மதியின் இரவுகளையே எண்ணினர். ஒரு மாதத்தின் முப்பது இரவுகளுக்கும் தனித்தனிப் பெயருண்டு. பிறை தோன்றும் முதலிரவு ஹிலோ. மதி நிறைவுறும் இரவுகளுள் ஒன்று ஹோக்கு. மதி மறையும் இறுதியிரவு முக்கு. எவ்விரவை அடுத்து நடுவது, எவ்விரவில் மீன் பிடிப்பது என்பனவும், மாதந்தோறும் வந்த நான்கு விலக்குக் காலங்களும் இப்பெயர்களைக் கொண்டே கணிக்கப்பட்டன. திதி பார்த்துக் கருமஞ் செய்யும் வழக்கமுடையார்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

மிஷனரிமார் வருவதற்கு முன்னரே, 1819 இல், பழைய விலக்கு விதிகளை அரசவை நீக்கிவிட்டது. வந்த மிஷனரிமார் வாரத்தைப் புகுத்தினர். திங்கள் முதல் சனி வரையான நாட்களுக்கு முதலாம் இரவு, இரண்டாம் இரவு என்றவாறு ஆறாம் இரவு வரை எண்ணுப் பெயரிட்டனர். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் "வழிபாட்டு நாள்" எனப் பெயர் வந்தது. அந்நாளில் அடுப்பெரித்தலும் ஆகாதென்பது மிஷன் ஒழுங்காதலின், அதற்குரிய உணவு சனிக்கிழமையே ஆக்கிவைக்கப்படும். இவ்வாறு மதியைக் கொண்டு காலங்கணித்தவர், மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்குவோராயினர். பழைய காலக்கணக்கு ஒரு தலைமுறைக்குள் மறக்கப்பட்டுவிடும் நிலைமை ஏற்பட்டது.

அச்சகமும் செதுக்கற் கலையும்

மாணாக்கரின் முயற்சிகளுள் முதலில் வைத்தெண்ணத்தக்கது அச்சுவேலை. 1834 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆந் திகதி "ஹவாய் விளக்கு" எனப் பொருள்படும் "கா லாமா ஹவாய்" என்னும் பத்திரிகை கலாசாலையிலிருந்து வெளிவந்தது. ஹவாயில் அச்சான முதற் பத்திரிகை அதுவே. தீவில் ஒருபோதுங் காணப்படாத விலங்குகளின் படங்கள் மரக்கட்டையிற் செதுக்கப்பெற்று அதில் வெளியாயின. பின்னர் அச்சகத்துக்கெனக் கட்டப்பட்ட "ஹாலே பாயி" என்னும் சிறு கட்டடம் இன்றும் கலாசாலை வளவில் நிற்கின்றது.

செப்புத் தகட்டிற் படமுந் தேசப்படமுஞ் செதுக்கும் கலையையும் அன்றூஸ் கற்பித்தார். அக்கலையில் அவர் தேர்ந்தவரல்லர். நூல்களைப் பார்த்துத் தாமும் கற்று மாணாக்கருக்கும் கற்பித்தார். 1843 இல் மாணாக்கரின் உழைப்புக்குக் கூலியாக வழங்குவதற்கெனக் காகிதப் பணச் சீட்டுகள் அங்கே அச்சிடப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே கள்ளச் சீட்டுகளும் தலைகாட்டின. கலாசாலையிற் கற்பித்த கலை வீண்போகவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று போலும்! நில அளவை பயின்ற பழைய மாணவர் சிலர், 1848 இல் நிலங்கள் பங்கிடப்பட்டபோது அளவையாளராகப் பணிபுரிந்தனர்.

வினாக்களுடன் சென்ற மாணவர்

அச்சிலும் செம்பிலும் செய்தவற்றினும் மேலானது சரித்திரத் துறையிற் செய்த பணியாகும். 1836 அளவில் ஷெல்டன் டிபிள் என்னும் ஆசிரியர், தேர்ந்த மாணவர் பதின்மரைக் கொண்ட வகுப்பொன்றை அமைத்தார். ஹவாயின் பண்டைச் செய்திகள் பற்றிய வினாக்களை வரிசைப்படுத்தி அவர்களிடங் கொடுத்தார். மாணவர் ஒவ்வொருவரும் முதிய தலைவர்களிடமும் பழமை அறிந்தோரிடமுஞ் சென்று வினாவி, விடைகளை எழுதிக் கொணர்ந்து வகுப்பில் வாசிப்பர். முரண்பட்டவை ஒப்புநோக்கித் திருத்தப்படும். இவ்வாறு திரண்ட செய்திகள் "மோஒலேலோ ஹவாய்" என்னும் பெயரில் 1838 இல் கலாசாலை அச்சகத்திலேயே நூலாயின. 1841 இற் சரித்திரச் சங்கமொன்றும் அமைக்கப்பட்டது.

முதல் வகுப்பினருள் ஒருவரான டேவிட் மாலோ ஏறத்தாழ 1795 இற் பிறந்தவர். தலைவரொருவரின் அவையில் வளர்ந்து, வமிசாவளிகளையும் பாடல்களையும் வாய்மொழியாகப் பயின்றவர். முப்பத்தைந்து வயதைக் கடந்தபின் லஹைனாலூனாவில் மாணாக்கராய் அமர்ந்தார். பழைய வழக்கங்கள், விலக்குகள், மனைகட்டும் முறை, விளையாட்டுகள், மதியின் முப்பது இரவுகள் ஆகிய அனைத்தையும் அவர் ஹவாய் மொழியில் எழுதிவைத்தார். 1853 இல் அவர் இறந்தார். அவரது நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 1903 இல் வெளிவந்தது. 1833 இற் சேர்ந்த சாமுவேல் கமக்காவு, 1860 களின் பிற்பகுதியில் ஹவாய்ப் பத்திரிகைகளில் அரச பரம்பரையின் சரித்திரத்தைத் தொடர்ந்து எழுதினார்.

இவர்களின் எழுத்துக்களை ஆராயாது ஏற்றலும் முறையன்று. டிபிள் மிஷனரி, பழைய சமயத்தை இருளென்றே கருதியவர். மாலோவும் புதிய சமயத்தைத் தழுவிய பின்னரே எழுதினார். ஆகவே முன்னோர் வழிபாட்டைப் பற்றி அவர்கள் கூறும் தீர்ப்புகளை அவர்கள் தரும் செய்திகளிலிருந்து பிரித்தறிதல் வேண்டும். பழைமையை நீக்க வந்த நிறுவனத்திலேயே பழைமை ஏட்டிலேறிற்று என்பது இச்சரித்திரத்தின் முரணும் சிறப்புமாகும்.

மொழி போன காலம்

மிஷன் சங்கத்தின் பொருள்வளம் குன்றியமையால் 1849 இற் கலாசாலை ஹவாய் அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. 1877 இல் ஆங்கிலம் போதனாமொழியாயிற்று. 1893 இல் அரசி லிலியுவோகலானி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். 1896 இற் சட்டம் ஆங்கிலத்தையே எல்லாப் பாடசாலைகளுக்கும் போதனாமொழியாக்கிற்று. 1898 இல் ஐக்கிய அமெரிக்கா ஹவாயைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பாடசாலை வளவில் ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். வீட்டில் அம்மொழி பேசிய பெற்றோரும் பிள்ளைகளின் நன்மை கருதி அதனைக் கைவிடலாயினர்.

மொழி நீங்கியபோதும் கலாசாலையின் வார ஒழுங்கு பெரிதும் மாறவில்லை. 1923 இல் அது ஆண், பெண் இருபாலாரும் பயிலும் அரசாங்க உயர்நிலைப் பாடசாலையாயிற்று; 1980 முதல் விடுதியிற் பெண்களும் சேர்க்கப்பட்டனர். பகலில் வந்துபோகும் மாணவரே பெருந்தொகையினர். ஆயினும் விடுதி மாணாக்கர் பண்ணையிலும் வளவிலும் உழைத்து, அவ்வுழைப்பாற் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் பழைய வழக்கம் நீடித்தது. விடியுமுன் எழுந்து வேலை, பகலில் வகுப்பு, மாலையில் மீண்டும் வேலை, இரவில் படிப்பு என்பதே அவர்களின் நாள். மண்வெட்டி பிடித்த கைகள் மாறினவேயன்றி மண்வெட்டி மாறவில்லை.

மலைமேற் கல்லறை

கலாசாலைக்கு மேலேயுள்ள பாவுபாவு மலையில் டேவிட் மாலோவின் கல்லறை உள்ளது. அந்நியரின் வெள்ளம் எட்டாத உயரத்தில் தம்மை அடக்கஞ் செய்யுமாறு அவர் கேட்டுக்கொண்டதாகக் கூறுவர். அதன் அண்மையில் 1904 இல் மாணாக்கர் அமைத்த, கலாசாலைப் பெயரின் ஆங்கில முதலெழுத்து, கீழே பட்டினத்திலிருந்து நோக்குவோர்க்கும் தெரியும். விடுதி மாணாக்கர் மலையேறிப் புல்பூண்டகற்றி, சுண்ணாம்பிட்டு அவ்வெழுத்தை வெண்மையாக்குவர். ஆண்டுதோறும் ஏப்ரிலில் மாலோ நினைவுநாளும் கொண்டாடப்படுகின்றது. மாலோ எழுதிய மொழியை அறியாத தலைமுறையினரும் அவர் கல்லறைக்கு ஏறிச் சென்றனர்.

1978 இல் ஹவாய் அரசியலமைப்பு ஹவாய் மொழியை ஆங்கிலத்தோடு அரசகரும மொழியாக்கிற்று. 1984 இல் அம்மொழி வழிப் பாலர் பள்ளியும், 1987 இல் அரசாங்கப் பாடசாலைகளில் அம்மொழி வழி வகுப்புகளும் தொடங்கின. அவற்றுக்கு வேண்டிய சொற்களையும் செய்திகளையும் தேடியவர்கள் பழைய பத்திரிகைகளையும், மாலோ, கமக்காவு முதலியோரின் ஏடுகளையும், அன்றூஸ் 1865 இல் வெளியிட்ட அகராதியையுமே நாடினர். எழுதிவைத்தவர் இல்லையேல் மீட்க முயன்றவர்க்கு ஆதாரம் அரிதாகியிருக்கும்.

மலையிலிருந்து லஹைனாவை நோக்கி வீசும் கடுங்காற்றுக்குக் கவுவாவுலா என்று பெயர். அக்காற்றாலும் அணைக்கவொண்ணாத விளக்கு என்பது கலாசாலையின் இலட்சிய வாசகம். 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8 ஆந் திகதி பெருங்காற்றோடு பரவிய தீ பட்டினத்தை அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைச்சரிவில் இருந்த கலாசாலை தப்பிற்று. வீடிழந்த பலரையும் கொண்ட மாணாக்கர் குழாம் வேறொரு பாடசாலையிற் சில வாரங்கள் பயின்று, அக்டோபர் 16 ஆந் திகதி மீண்டும் தம் வளவுக்கு வந்து சேர்ந்தது.

ஹவாய்த் தீவுகளில் இன்று மாணவர் பலர் வாரநாட்களோடு மதியின் இரவுகளையும் பயில்கின்றனர். சேம்பு நடுவோர் அப்பெயர்கள் பொறித்த நாட்காட்டியைப் பார்த்து நடுகின்றனர். அம்முப்பது பெயர்களையும் வரிசை பிறழாது எழுதிவைத்தவர்களுள் ஒருவர், சேம்புத் தோட்டத்தில் வேலைசெய்து படித்த லஹைனாலூனா மாணாக்கர்.