பகடை ஏன் போர்க்களத்துக்கு வந்தது?

போன தவணையில் உயர்நிலை 2 வகுப்பில் ஒரு கதைப் போட்டி நடத்தினேன். ஒரு கோட்டை, ஒரு முற்றுகை, இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தன் அடுத்த நகர்வைத் தமிழில் விவரிக்க வேண்டும். அது பலித்ததா இல்லையா என்று நான் சொல்வேன். மூன்றாம் சுற்றிலேயே ஒரு மாணவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அவங்க சொல்றதைத்தான் நீங்க ஏத்துக்கிறீங்க டீச்சர்" என்றான்.

உடனே மறுத்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது அவன் சொன்னதில் உண்மை இருந்தது. சரளமாகப் பேசிய குழுவின் பக்கம் என் மனம் சாய்ந்திருந்தது. யாருடைய திட்டம் நல்ல திட்டம் என்று நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் அவனே ஓர் இருபது முகப் பகடையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நண்பர்களோடு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறானாம். "இத உருட்டுங்க டீச்சர், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க." பகடை என்றாலே நமக்குச் சகுனிதான் நினைவுக்கு வருவார். இவனோ அதை நியாயத்துக்கான கருவியாகக் கொடுக்கிறான்! அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். என் வகுப்பில் வந்த அதே சிக்கல் 200 ஆண்டுகளுக்கு முன்பே பிரஷ்யாவில் வந்திருக்கிறது.

சதுரங்கத்தில் இல்லாதது

சதுரங்கத்தில் குதிரை சிப்பாயை வெட்டினால் வெட்டியதுதான், அதில் சந்தேகமே இல்லை. 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரிவாக்கி ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அதிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆனால் உண்மையான போர் அப்படியா? வலிமையான படையும் சில நாள் தோற்கிறதே!

1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் தாம் உருவாக்கிய போர் விளையாட்டு மேசை ஒன்றை மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியத்துக்கு வழங்கினார். பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன் அதை வளர்த்தெடுத்து, 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். அதுதான் 'கிரீக்ஸ்ஷ்பீல்', அதாவது போர் விளையாட்டு. 1:8000 அளவில் வரைபடம். ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். வீரர்கள் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடிய படைகளை மட்டுமே அவர் வரைபடத்தில் வைப்பார்.

மோதல் வந்தால் பகடை உருளும். சம பலத்துக்கு ஒரு பகடை, 3-க்கு 2 என்றால் வேறொன்று, இரு மடங்கு பலத்துக்கு இன்னொன்று. இரு மடங்கு பலமுள்ள படை பெரும்பாலும் வெல்லும், எப்போதும் அல்ல. ஒரு படைப்பிரிவு ஒரே அடியில் மறைந்துவிடவும் செய்யாது. இழப்பு சிறுகச் சிறுகக் கணக்கில் ஏறும்.

நடுவரா, பகடையா?

அட்டவணைகள் அதிகம், ஆட்டம் மெதுவாக நகர்கிறது என்ற முணுமுணுப்பு பிறகு எழுந்தது. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அனுபவமுள்ள நடுவரே முடிவு சொல்லட்டும், விதியும் பகடையும் வேண்டாம் என்றார். 1866-லும் 1870-71-லும் போர்க்களம் கண்ட அதிகாரிகள் அப்போது இருந்ததால் அது அங்கே சரியாகவே பட்டிருக்கும். ஆனால் அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நடுவரின் சொல்லை எல்லாரும் நம்ப வேண்டும். என் வகுப்பில் இல்லாமல் போனது அதுதான்.

அமெரிக்கர் டோட்டன் 1880-இல் எழுதிய 'ஸ்ட்ராட்டகோஸ்' என்ற போர் விளையாட்டு நூல் ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகு மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கையில் கிடைத்தது. அதிலிருந்துதான் நடுவர் என்ற எண்ணத்தை அவர் எடுத்துக்கொண்டார். 1969-இல் அவர் நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் படைக்குப் பதிலாக ஒரு கதாபாத்திரம் கிடைத்தது. அதில் ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னிசன்.

ஆர்னிசன் பிறகு தாமே மாயாஜால உலகம் ஒன்றை அமைத்து ஆட்டம் நடத்தினார். அங்கே ஒரு புதிய பிரச்சினை. ஆயிரம் பேர் கொண்ட படையில் சிலர் மடிந்தால் யாரும் வருந்தப்போவதில்லை. நாமே பெயர் வைத்து வளர்த்த வீரன் ஒரே உருட்டலில் செத்தால் மனம் ஒப்புமா? அதனால் உயிர்ப்புள்ளி முறையைக் கொண்டுவந்தார். அடி பட்டால் புள்ளி குறையும், பூஜ்யம் ஆனால்தான் மரணம். பல முறை உருட்ட வேண்டியிருப்பதால் ஒரு கெட்ட உருட்டல் எல்லாவற்றையும் முடித்துவிடாது.

1974-இல் ஆர்னிசனும் கேரி கைகாக்ஸும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சில் 1,000 பெட்டிகள். அதன் இருபது முகப் பகடை, கலிஃபோர்னியாவில் பள்ளிகளுக்குக் கற்பித்தல் கருவிகள் விற்ற ஒரு நிறுவனத்திடம் வாங்கியது. வகுப்பறைப் பொருள்தான் போர்க்களத்துக்குப் போயிருக்கிறது!

அந்த முதல் பதிப்பில், தொடக்கநிலை வீரன் கவசமில்லாத எதிரியைத் தாக்க 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20-இல் 11 வாய்ப்பு, அதாவது 55 விழுக்காடு. இரும்புக் கவசமும் கேடயமும் உள்ள எதிரி என்றால் 17 வேண்டும், வெறும் 20 விழுக்காடு. ஆக, பகடை கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொல்வதில்லை. நாம் செய்த ஏற்பாடுகள் முதலில் எண்ணைத் தீர்மானிக்கின்றன. பகடை மிச்சத்தைச் சொல்கிறது.

மறுபடியும் வகுப்பறையில்

போட்டியை மாற்றி அமைத்தேன். குழு தன் திட்டத்தைச் சொல்லும். எந்த எண் விழுந்தால் வெற்றி என்பதை வகுப்பே விவாதித்து முடிவு செய்யும். நல்ல காரணம் சொன்னால் எண் குறையும். அதன் பிறகே உருட்டல். எங்கள் கோட்டைக்கு உயிர்ப்புள்ளியும் வைத்தோம். மதிப்பெண் காரணத்துக்கு மட்டும், பகடைக்குக் கிடையாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் சூதாட்டமோ என்ற சந்தேகமும் வராது.

கையைக் கட்டிய அதே மாணவன் எழுந்தான். "ராத்திரி மழை பெய்யுது, காவலாளி வெளிய நிக்கமாட்டான். எட்டு போதும்" என்று வாதாடினான். எதிர்க்குழு, "நின்னிருக்கலாம்ல?" என்றது. ஒன்பது என்று முடிவானது. அவன் உருட்டினான், ஆறு விழுந்தது. தோற்றான், ஆனால் கோபப்படவில்லை. அடுத்த சுற்றுக்கான காரணத்தை யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

அன்று கரும்பலகையில் 'நடக்கும், நடக்கலாம், நடந்திருக்கலாம், நடந்திருக்காது' என்று எழுதினேன். பயிற்சித்தாளில் உயிரில்லாமல் கிடக்கும் இந்த வடிவங்கள் எல்லாம் அவர்கள் வாயில் தாமாகவே வந்திருந்தன. வரலாற்றைப் படிக்கும்போதும் இது தேவைப்படும். நடந்தது ஒன்றுதான் என்றாலும், நடந்திருக்கக்கூடியவை பல என்பதை அவர்கள் உணர வேண்டும்.

இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால் சாதாரணப் பகடை இரண்டு போதும். ஒன்றை மட்டும் மாணவர்களிடம் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 7 ஏன் அடிக்கடி வருகிறது, 12 ஏன் அரிதாக வருகிறது? 36 வழிகளில் 7-க்கு ஆறு, 12-க்கு ஒன்றுதான். கணித ஆசிரியருக்கும் இதைச் சொல்லுங்கள், மகிழ்ச்சி அடைவார்.